மெய்ந்நிகர் மாந்தரும் மெய்ப்பாடும்

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’, நடிகர்தம் அசைவுகளை மோஷன் கேப்சர் முறையில் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றிய திரைப்படமாகும். அதன் மாந்தர் பொம்மைகள் போன்றுள்ளனர் என்னும் குறை அப்போதே எழுந்தது. இத்தகைய குறை எழும்போதெல்லாம் முகத்தையே பொறுப்பாக்குவதும், மனிதச் சாயலை நெருங்கியும் முற்றாக எட்டாத உருவம் காண்போருக்கு ஒவ்வாமையைத் தரும் என்று ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் கூறியதைத் துணைக்கு அழைப்பதும் வழக்கமாகிவிட்டன. ஆனால் மோரி எடுத்துக்காட்டியவற்றுள் முதன்மையானது முகமன்று, செயற்கைக் கை. அசைவு சேரும்போது ஒவ்வாமை மிகும் என்பதும் அவர் கருத்தே.

முகத்தின் மீதான இந்நம்பிக்கையை அவீசர், ட்ரோப், தொடோரோவ் ஆகியோர் 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அசைத்தது. டென்னிஸ் ஆட்டத்தில் புள்ளியை வென்றோர், இழந்தோர் ஆகியோரின் முகத்தை மட்டும் கண்டவர்களால் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தறிய இயலவில்லை. உடலைக் கண்டவர்களால் இயன்றது. வென்றவர் முகத்தை இழந்தவர் உடலில் பொருத்தியபோது தீர்ப்பு உடலின் வழியே சென்றது. முழுப்படத்தைக் கண்டவர்களோ தாம் முகத்திலிருந்தே உணர்ந்ததாக எண்ணினர் என்பதுதான் வியப்பு. இம்முடிவு உச்ச உணர்ச்சிகளுக்கே உரியது. மென்முறுவலுக்கும் இதனை நீட்டுதல் பொருந்தாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை இங்கு நினைவுகூர்தல் தகும். கணினிக் கலையைத் தொல்காப்பியர் முன்னறிந்தார் எனக் கூறும் போக்கு ஆய்வாகாது. அவர் பேசுவது செய்யுளைப் பற்றி. எனினும் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நான்கு நான்காக அவர் வகுக்கும் முப்பத்திரண்டும் முகக்குறிகள் அல்ல, உணர்ச்சி பிறக்கும் களங்கள். அழுகைக்கு அவர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அவ்வியலின் இறுதியில், கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணர்வோர்க்கே மெய்ப்பாடு புலனாகும் என்கிறார். களம், உடல், காண்போர் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் உணர்ச்சி பொருள்படுகிறது.

இந்நோக்கில் ‘கோச்சடையா’னில் கணினியால் மீட்டுருவாக்கப்பெற்ற நாகேஷின் உருவம் தனித்து ஆராயத்தக்கது. அவர் 2009இல் மறைந்தவர். ஆதலின் அவ்வுருவின் அசைவு அவருடையதன்று. நாகேஷின் நகைச்சுவை முகச்சேட்டையில் மட்டும் பிறந்ததில்லை. ஒல்லியான உடலின் துள்ளலும் தடுமாற்றமும், கைகால்கள் சொல்லை முந்தும் விரைவும் அதன் பிறப்பிடங்கள். எனவே முகச்சாயல் எவ்வளவு நெருங்கினும் அந்த உடலை அறிந்த பார்வையாளருக்கு நகை பிறப்பது அரிது. ரஜினிகாந்தின் உருவத்திற்கு இச்சிக்கல் வேறு வகையில் நேர்கிறது. அங்கே நடையும் திரும்புதலும் பல்லாண்டுகளாகத் தமிழ்ப் பார்வையாளரின் நினைவில் பதிந்தவை. அவை எழுப்பும் எதிர்பார்ப்பை அசைவு குறைந்த முகம் ஈடுசெய்யவில்லை. நாகேஷ் உருவில் முகம் இருந்தும் உடல் இல்லை. ரஜினி உருவில் உடல் முந்த முகம் பின்தங்குகிறது. இரண்டையும் ‘பொம்மைத்தன்மை’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் திறனாய்வு இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது.

செவியைப் பற்றிய ஆய்வு இன்னும் எஞ்சியுள்ளது. ஒரே முகத்தையும் ஒரே உடலையும் வெவ்வேறு குரல்களுடன் தமிழ்ப் பார்வையாளர்க்குக் காட்டி, அவர்தம் தீர்ப்பு எங்கே மாறுகிறது எனச் சோதித்தல் இயலும்.