யாருக்கு எந்த வேஷம்?

1956இல் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு நடிப்புப் படிக்கப் போனவர் இவோன் ப்ரூஸ்டர். ரோஸ் ப்ரூஃபோர்ட் கல்லூரி. படிச்சு முடிச்சாலும் இந்த நாட்டு மேடையில் உனக்கு வேலை கிடைக்காது என்று சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டார்கள். வசதியான வீட்டுப் பெண்தான். வசதி தோலை மறைக்குமா? லண்டனில் படித்துவிட்டு 1917இல் பரோடா வந்த அம்பேத்கரைத் தங்கின விடுதியிலிருந்து துரத்தினார்களே, அதே கதை.

நடிப்பு என்றால் கூடுவிட்டுக் கூடு பாய்வது என்கிறார்கள். யார் பாயலாம்? 1964இல் லாரன்ஸ் ஒலிவியர் கறுப்பு மை பூசிக்கொண்டு ஒதெல்லோ ஆடினார். அது மகாநடிப்பு.

ப்ரூஸ்டர் வாய்ப்புக் கேட்டு நிற்கவில்லை. 1965இல் ட்ரெவர் ரோனோடு கிங்ஸ்டனில் பார்ன் தியேட்டர். 1986இல் இன்னும் மூன்று பேரோடு லண்டனில் தலாவா குழு. முதல் நாடகம் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய 'கறுப்பு ஜாக்கோபின்கள்', ஹெய்ட்டி அடிமைகளின் எழுச்சி. 1989இல் ஆஸ்கார் வைல்ட் நாடகம். சீமான், சீமாட்டி எல்லாரும் கறுப்பர்கள். 1991இல் டோனா க்ரோல் கிளியோபாட்ரா.

ஜேம்ஸை விட்டு வைல்டுக்குப் போனது பின்னடைவு, வெள்ளைக்காரன் நாடகத்தை ஆடிக்காட்டி நம்மை நிரூபிக்கணுமா என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. இல்லை. அடிமை வேஷம், கலகக்காரன் வேஷம் என்றால் கறுப்பருக்கு 'இயல்பு' என்று விட்டுவிடுவார்கள். சீமான் வேஷத்தில்தான் இடிக்கும். இடிக்கிற இடத்தைத் தேடிப் போய் ஆடியதுதான் அவருடைய அரசியல்.

நம்ம ஆளுக்கும் பண்ணையாள் வேஷம், அடியாள் வேஷம் இயல்பாகப் பொருந்திவிடுகிறது. பண்ணையார் வேஷம் கேட்டுப் பாருங்கள், 'முகவெட்டு சரியில்லப்பா' என்பார்கள்.