வேடரின் முகத்தில் இரண்டு கறுப்பு

டார்த் வேடர் ஹெல்மெட்டின் நகலை வாங்கி, தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடிப்பவர்கள் எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "அச்சு அசல்". சரி, எதற்கு அச்சு அசல்? இதைக் கேட்டுக்கொள்ளாமலே வேலையில் இறங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

முதலில் மூலப்பொருள். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக, ரால்ஃப் மெக்வாரியின் ஓவியத்தை ஒட்டி, பிரையன் மியூர் என்ற சிற்பி களிமண்ணில் கையால் வடித்தது அது. அதிலிருந்து அச்செடுத்து ஃபைபர்கிளாஸில் வார்த்தார்கள். கைவேலை என்பதால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்துப்போகாது. நிறமும் ஒரே கறுப்பு கிடையாது. சில பரப்புகள் பளபளக்கும் கறுப்பு, ஒட்டியுள்ள சில பரப்புகள் கன்மெட்டல் சாம்பல். ஒரே கறுப்பாக இருந்தால் கேமராவில் மேடும் பள்ளமும் சேர்ந்து ஒரு கரும்பூசணியாகத் தெரிந்திருக்கும். இரட்டை நிறம் இருப்பதால் கன்னமும் தலையும் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. ஆனாலும் பார்த்தவர்கள் மனதில் தங்கியது என்னவோ கறுப்புதான்!

இங்கேதான் சிக்கல். ஒரு சாரார் படத்தின் ஃபிரேம்களைப் பெரிதாக்கி, சாம்பல் எங்கே முடிகிறது என்று பார்த்து டேப் ஒட்டி அடிக்கிறார்கள். இன்னொரு சாரார் "திரையில கறுப்பாத்தானே இருக்கு" என்று முழுக்க கறுப்படிக்கிறார்கள். முதல் கூட்டம் நகலெடுப்பது பொருளை. இரண்டாவது கூட்டம் நகலெடுப்பது பிம்பத்தை. இருவருமே தாங்கள் செய்வதுதான் அசல் என்கிறார்கள்.

2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் லூகாஸ்ஃபிலிம் தொடுத்த வழக்கில், இதே படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட் ஒரு சிற்பம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. கலைப்படைப்பு என்பது படம். ஹெல்மெட் அதைத் தயாரிக்கும் வேலையில் பயன்பட்ட ஒரு பொருள். காப்புரிமைச் சண்டையை விட்டுவிடுவோம். பெயிண்ட் அடிப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: அந்தச் சாம்பல் ஸ்டுடியோ வெளிச்சத்துக்காகப் பூசப்பட்டது. அதே சாம்பலை அதே அளவில் வீட்டு அலமாரியில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால், பாதியில் விட்ட பைக் டேங்க் மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும்.

அடுத்த குறை வடிவம் பற்றியது. 2005-ல் வந்த ரிவெஞ்ச் ஆஃப் த சித் படத்துக்கு இந்த ஹெல்மெட்டை இருபக்கமும் சமமாகத் திருத்தினார்கள். கடையில் கிடைக்கும் பல நகல்களும் அப்படிச் சமமானவைதான். அதன்மேல் 1977-ன் இரட்டை நிறத்தை அடித்து, அம்பர் நிறக் கண்ணாடியையும் பொருத்தினால் என்ன ஆகும்? எந்தப் படத்திலும் இல்லாத ஒரு வேடர் வருவார். வேலை சுத்தமாக இருக்கலாம். பட்டி பார்த்த இணைப்பு தெரியாமல் இருக்கலாம், 600 நம்பர் உப்புத்தாளில் கண்ணாடி மாதிரி இழைத்திருக்கலாம். ஆனாலும் "அச்சு அசல்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

என் கட்சி இதுதான். சமமான அச்சு கையில் இருந்தால் ஒரே கறுப்பை நன்றாக அடித்து, அதை 2005-ன் ஹெல்மெட்டாகவே விடுங்கள். கோணலான பழைய அச்சு கிடைத்தால் இரட்டை நிறம் கட்டாயம் வேண்டும், ஏன்னா அந்தக் கோணலும் அந்த நிறமும் ஒரே கைவேலையின் இரண்டு பக்கங்கள். ஆனால் கன்மெட்டலில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து இறக்குங்கள். பத்தடி தள்ளி நின்று, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். முகம் கறுப்பாகத் தெரியணும். கன்ன எலும்பும் தெரியணும். கிட்டே வந்தால் மட்டும் சாம்பல் பிடிபடணும்.

ஃபிரேமோடு கோடு கோடாக ஒப்பிடுகிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயிண்ட் 1977-ல் செய்த வேலையை உங்கள் அறையிலும் செய்யும்.