முப்பது அடி தூரம், ஒரு அடி வித்தியாசம்

கோல்ஃப் வீரர் பெர்னார்ட் லாங்கர், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்னும் புல்தரையில் நிற்கும்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை. அவருடைய இடது முஷ்டிக்கும் சட்டைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத்தான் பார்ப்பேன். ஒரு விரல் நுழையுமா, இரண்டு விரல் நுழையுமா என்று திரையில் சரியாகத் தெரியாது. ஆனால் இடைவெளி இருந்தாக வேண்டும். நெஞ்சுயர பட்டரின் நுனியை உடம்பில் ஊன்றிக்கொண்டு அடிக்கக் கூடாது என்று 2016 ஜனவரியில் விதி வந்துவிட்டது. (பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, ஸ்ரீரங்கத்துப் பட்டர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஊன்றிப் பழகிய பலர் மட்டையையே மாற்றிக்கொண்டார்கள். லாங்கர் மட்டையை மாற்றவில்லை, முஷ்டியை மட்டும் நெஞ்சிலிருந்து விலக்கினார். 2017-இல் அதிலும் சந்தேகம் கிளம்பி, தவறில்லை என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் அறிக்கை விடும்படி ஆனது.

இந்த மனிதருக்கு பட்டிங் ஒரு பழைய வியாதி. மூன்றடி தூரப் பந்தைத் தள்ளும்போது கை தானாக உதறும். ‘யிப்ஸ்’ என்பார்கள். பலருடைய ஆட்ட வாழ்க்கை இதோடு முடிந்துபோயிருக்கிறது. இவருக்கு அது ஒரு முறை அல்ல, பல முறை வந்தது. ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றினார். ஒரு கட்டத்தில் மட்டைத் தண்டை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டதுபோல இருக்கும். 1991-இல் கீயவா தீவில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையே அவருடைய ஒரு ஆறடி பட்டில் தொங்கியது. போகவில்லை. அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு போட்டியை வென்றார்.

ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கான அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூர் சாம்பியன்ஸை நான் ரசிக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட கைகளுக்காகத்தான். 1978-இல் டெக்சாஸில் கிழவர்களை ஜோடி ஜோடியாக ஆடவிட்டு ஒரு போட்டி நடத்தினார்கள். அறுபத்தைந்து வயது சாம் ஸ்னீட் கடைசி மூன்று குழிகளிலும் பெர்டி (நிர்ணயித்ததைவிட ஒரு அடி குறைவு) அடித்து ஜெயித்துக் கொடுத்தார். மறு வருடம் சமன் முறிக்க ஆறு குழிகள் ஆட வேண்டியிருந்தது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. 1980-இல் சீனியர் டூர் என்ற பெயரில் இந்தச் சுற்று பிறந்தது. 1990-இல் லீ ட்ரெவினோ இங்கே சம்பாதித்த பரிசுப் பணம், இளையவர்களின் சுற்றில் முதலிடம் பிடித்த கிரெக் நார்மனுடையதைவிட அதிகம்.

குறை சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலான போட்டிகள் மூன்றே நாள், பாதியில் யாரையும் வெளியேற்றுவதில்லை, மேஜர்கள் எனப்படும் பெரிய போட்டிகள் தவிர மற்றதில் கார்ட்டில் ஏறிப் போகலாம், இதெல்லாம் ஒரு போட்டியா என்பார்கள். மெத்தை போட்ட போட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெத்தை பந்தை அடிக்காது. இளையவர் முந்நூறு கெஜத்துக்கு மேல் விளாசிவிட்டுக் குட்டை மட்டையால் கிரீனுக்குத் தூக்கிப் போடுவார். லாங்கர் அதே குழியில் இன்னும் வெகுதூரம் பின்னால் நின்று, ஹைப்ரிட் மட்டையால் பந்தைத் தாழப் பறக்கவிட்டு, கிரீனின் முன்வாசலில் இறக்கி உருட்டிக்கொண்டு போவார். பார்க்க வேண்டியது அந்த உருளல்தான். தூரம் விஷயத்தில் ரொம்பக் கறார். தரையில் இருக்கும் நீர்த்தெளிப்பானிலிருந்து இத்தனை கெஜம் என்று மட்டை சுமக்கும் கேடி சொன்னால், தெளிப்பானின் முன்விளிம்பிலிருந்தா பின்விளிம்பிலிருந்தா என்று கேட்பாராம். உண்மையோ கட்டுக்கதையோ, ஆளுக்குப் பொருந்துகிறது.

எனக்குப் பிடித்த சீசன் 2024. ஜனவரியில் ஹவாயின் ஹுவாலலாயில் தொடங்கியது. நியூசிலாந்தின் ஸ்டீவன் ஆல்கர் சமன் முறிக்கும் பிளேஆஃபில் வென்றார். இளமையில் பெரிய சுற்றில் கால் ஊன்ற முடியாதவர். 2021-இல் ஐம்பது நிரம்பிய கையோடு திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் வரிசையில் நின்று இடம்பிடித்தார். முதல் பத்துக்குள் வந்தால் அடுத்த வாரமும் ஆடலாம். அப்படி வாரம் வாரமாகத் தொற்றிக்கொண்டே மேலே வந்தவர்.

மே மாதம் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிளாண்ட் வந்தார். ஐரோப்பியச் சுற்றில் முதல் வெற்றிக்கு 478 போட்டிகள் காத்திருந்த மனிதர்; அது கிடைத்தபோது வயது 48. சீனியர்களோடு அவர் ஆடிய முதல் போட்டியே மிச்சிகனில் நடந்த சீனியர் பிஜிஏ. ஜெயித்தார். அடுத்தது நியூபோர்ட்டில் யு.எஸ். சீனியர் ஓபன். மழையால் திங்கட்கிழமைக்கு இழுத்து, ஜப்பானின் ஃபுஜிதாவோடு பிளேஆஃப் ஆடி அதையும் எடுத்துக்கொண்டார். 478-க்கு ஒன்று என்றிருந்த கணக்கு இங்கே இரண்டுக்கு இரண்டு. ஜூலையில் கார்னூஸ்டியில் கொரியாவின் கே.ஜே. சோய் சீனியர் ஓபனை வென்றது வேறு.

லாங்கர் எங்கே? பிப்ரவரியில் பிக்கிள்பால் ஆடப் போய் குதிகால் தசைநாணை அறுத்துக்கொண்டார். வயது 66. முந்தைய ஆண்டுதான் ஹேல் இர்வினின் 45 வெற்றிகளைத் தாண்டி 46 என்று சாதனை வைத்திருந்தார். 2007 முதல் வருடத்துக்கு ஒரு வெற்றியாவது தவறியதில்லை. இந்த முறை அறுந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். மூன்றே மாதத்தில் திரும்பி வந்தார். வந்தாரே தவிர வெற்றி வரவில்லை.

நவம்பர். பீனிக்ஸ் கன்ட்ரி கிளப், சீசனின் கடைசிப் போட்டி. புள்ளிப் பட்டியலில் தேறிய முப்பத்தாறு பேருக்கு மட்டுமே இடம். கடைசி நாள், கடைசி குழி, பந்துக்கும் குழிக்கும் நடுவே முப்பது அடி. உள்ளே போனால் அன்றைய ஆட்டத்தின் கணக்கு 66, அவருடைய வயதைவிட ஒன்று குறைவு. போயிற்று. ஆல்கரை ஒரே ஒரு அடியில் முந்தினார். (முப்பது அடியும் அடி, ஒரு அடியும் அடி, கோல்ஃப் எழுதுவதற்குத் தமிழ் கொஞ்சம் குறும்பான மொழி.) நாற்பத்தேழாவது வெற்றி, வயது 67. சீசன் முழுவதற்குமான சார்லஸ் ஷ்வாப் கோப்பை ஆல்கருக்கே போனது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தக் கடைசி பட்டை எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பந்து நகர ஆரம்பித்ததும் கண் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. முஷ்டியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறேன்.