மூன்று பட்டமும் அயல்மண்ணில்

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என வீழ்த்தித் தங்கம் வென்ற பிறகுதான், லான் பவுல்ஸ் என்றொரு ஆட்டம் இருப்பதே இங்கே பலருக்குத் தெரிந்தது. அந்த ஆட்டத்தின் தலைசிறந்த ஒற்றையர் வீரர் யார் என்றால், என் ஓட்டு இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட்டுக்கு.

1931-ல் சோமர்செட்டின் கிளீவ்டனில் பிறந்த பள்ளி ஆசிரியர். காமன்வெல்த் ஒற்றையரில் 1962, 1970, 1974, 1978 என நான்கு தங்கம். இடையில் 1966-ல் இந்த ஆட்டமே சேர்க்கப்படவில்லை. வெளியரங்க உலக ஒற்றையர் பட்டம் மூன்று: 1966 சிட்னி, 1980 மெல்போர்ன் அருகே ஃபிராங்க்ஸ்டன், 1988 ஆக்லாந்து. சொந்த நாட்டின் வொர்திங்கில் 1972-ல் நடந்தபோது பட்டம் வேறொருவருக்குப் போனது.

மூன்று பட்டமும் அயல்மண்ணில் கிடைத்ததைத்தான் கவனிக்க வேண்டும். லான் பவுல்ஸ் பந்து ஒரு பக்கம் சாய்வுள்ளது. வேகம் குறையக் குறைய வளைந்து, ஜாக் எனும் சிறிய இலக்குப் பந்தை நெருங்கும். இங்கிலாந்தின் ஈரப் புல் பந்தைப் பிடித்து நிறுத்தும். அதனால் அழுத்தி உருட்ட வேண்டும், வளைவும் குறைவு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் காய்ந்த தரையிலோ மெல்லத் தள்ளினாலே பந்து ஓடிக்கொண்டிருக்கும். குறியை வெகுதூரம் விலக்கி வைக்க வேண்டும். ஈரப் புல்லில் பழகிய கை அங்கே எளிதில் ஏமாறும். பிரையன்ட்டின் கை ஏமாறவில்லை.

காரணம், அவரது தொடக்க நிலை. வாயில் பைப்புடன், பந்தை உருட்ட நிற்கும் சிறு பாயில் ஏறக்குறைய குந்தி, பந்து போக வேண்டிய கோட்டைப் பார்த்து வைத்துக்கொள்வார். பிறகு எழுந்து, ஓரடி வைத்து விடுவிப்பார். எந்தத் தரையானாலும் உடலின் அசைவு மாறாது. கணக்குப் போட வேண்டியது கோட்டையும் வேகத்தையும் மட்டுமே. உள்ளரங்கக் கம்பளத்திலும் இதே முறைதான்: 1979 முதல் 1981 வரை தொடர்ந்து மூன்று உலக ஒற்றையர் பட்டங்கள்.

உடல்பலத்தை நம்பாத முறைக்கு ஆயுள் அதிகம். ஆக்லாந்தில் வென்றபோது அவருக்கு 56 வயது. தன்னைவிட 20 வயதுக்கு மேல் இளையவரான டோனி ஆல்காக்குடன் சேர்ந்து உள்ளரங்க உலக இரட்டையர் பட்டத்தை ஆறு முறை வென்றார். கடைசியாக 1992-ல், 60 வயதில். பிரையன்ட் வைத்திருந்த வெளியரங்க ஒற்றையர் பட்டத்தை அதே ஆண்டு கைப்பற்றியவரும் ஆல்காக்தான்.