வாழ்க கோஷமும் ஒரு சங்கீதமும்

2023 மே 6. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. டி.வி.யில் நானும்தான் பார்த்தேன். கிரீடம், தங்க வண்டி எல்லாம் இப்போது பாதி மறந்துபோச்சு. மனசில் தங்கியது, ராஜா உள்ளே வரும்போது கோரஸ் பாடிய பாட்டு மட்டும்தான். ஹ்யூபர்ட் பாரியின் ‘ஐ வாஸ் கிளாட்’.

வார்த்தைகள் பைபிளின் 122-ம் சங்கீதம். (தமிழ் பைபிளில் சங்கீதம் என்றால் மியூசிக் அல்ல, 150 துதிப் பாடல்களில் ஒன்று.) ஜெருசலேமுக்குப் போகும் ஒரு சாதாரண யாத்ரீகன் பாடுவது. ‘கோயிலுக்குப் போகலாம் வா’ என்று யாரோ கூப்பிட்டதில் அவனுக்கு ஏக சந்தோஷம். ஊர் வாசலில் கால் வைத்ததும் பிரமிக்கிறான். பிறகு அந்த ஊருக்குச் சமாதானம் வேண்டும் என்கிறான். ஒன்பதே வசனம்.

பாரி, இசையே கதி என்று இருந்தவரல்ல. 1870-களில் ஏழு வருஷம் லண்டன் லாயிட்ஸில் இன்ஷூரன்ஸ் வேலை! பி.காம். படித்துவிட்டு இப்படி எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இதில் ஓர் அல்ப திருப்தி.

1902-ல் ஏழாம் எட்வர்டுக்காகப் போட்ட மெட்டு இது. ஜூனில் நடக்கவேண்டிய விழா. ராஜாவுக்குத் திடீரென்று வயிற்றில் ஆபரேஷன், ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போயிற்று. அன்றைக்கும் ஒரு சொதப்பல். இசையை நடத்திய பிரெட்ரிக் பிரிட்ஜ் நேரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார். ராஜா வருவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது! ஒரு பகுதியைத் திரும்பப் பாடிச் சமாளித்தார்கள். இன்று நாம் கேட்கிற கம்பீரமான ஆரம்பம், 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் விழாவுக்கு பாரி புதுசாக எழுதிச் சேர்த்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆரம்பம் பிரமாதம். ஆர்கனும் எக்காளங்களும் படிப்படியாக ஏறி நிற்கும்போது, கோரஸ் மொத்தமும் ஒரே மூச்சில் முதல் வார்த்தையைப் போடும். முதுகுத்தண்டு சிலிர்க்கும். ‘ஒற்றுமையாகக் கட்டப்பட்ட நகரம்’ என்ற இடத்தில் கோரஸ் இரண்டாகப் பிரிந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். ஒற்றுமையைச் சொல்ல இரண்டு பேர் வேண்டும் என்று பாரிக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து வருகிறதுதான் எனக்கு உறுத்தல். பாட்டு நிற்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மாணவர்கள் லத்தீனில் ‘வீவாட்’ என்று கத்துகிறார்கள். அதாவது, வாழ்க! 2023-ல் கமிலா வாழ்க, சார்லஸ் வாழ்க. கோயிலைப் பாடவந்த பாட்டுக்கு நடுவில் ராஜா கோஷம்.

பைபிளை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பாரி மூன்றாம் வசனத்திலிருந்து நேராக ஆறாவதுக்குத் தாவியிருக்கிறார். நடுவில் விட்டுப்போனது என்ன தெரியுமா? அந்த ஊரில் நியாயத் தீர்ப்புக்கான சிம்மாசனங்கள் இருக்கின்றன என்கிற வசனம்! நீளம் கருதி வெட்டியிருக்கலாம். ஆனாலும் சிம்மாசனம் ஏறப்போகிறவன் காதில் விழவேண்டிய ஒரே வசனம் அதுதானே? மிகச் சரியாக அந்த ஓட்டையில் வாழ்க கோஷம் உட்கார்ந்திருக்கிறது. 1685-ல் இரண்டாம் ஜேம்ஸ் முடிசூட்டுக்கு இதே சங்கீதத்துக்கு மெட்டுப் போட்ட பர்செல் அந்த வசனத்தை விடவில்லை.

பாரியை மன்னிக்க வைப்பது அதற்குப் பிறகு வரும் இடம். ஆரவாரம் அடங்கி, கொஞ்சம் பேர் மட்டும் மெல்லிய குரலில் ஜெருசலேமின் சமாதானத்துக்காக வேண்டச் சொல்கிறார்கள். 1902 மே 31-ல்தான் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் முடிந்திருந்தது. இரண்டு மாசம் கழித்து அபேயில் உட்கார்ந்து இதைக் கேட்டவர்களில் சிலருக்காவது தொண்டை அடைத்திருக்கும். இன்று ஜெருசலேம் என்ற பேரைக் கேட்கும்போது நமக்கும் அதே கதிதான்.

ராஜா வராத நாட்களில் பாடினால் வாழ்க கோஷத்தை விட்டுவிடுவது வழக்கம். 2011-ல் வில்லியம் கல்யாணத்தில் மணப்பெண் நடந்து வந்தபோது அப்படித்தான் பாடினார்கள். கிடைத்தால் அதைக் கேளுங்கள். கோஷம் போன இடத்தில் ஒரு சின்ன மௌனம்கூட இல்லை. பாட்டு நேராக அந்த வேண்டுதலுக்குள் இறங்கிவிடுகிறது.