மருட்கையும் மாந்தரும்: கிளார்க்கின் விண்வெளி நாவலும் வாசகர் தீர்ப்பும்

விண்வெளிப் பயணத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த நாவல்களுள், அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் விரும்பிப் படிக்கப்பெறுவன சிலவே. அவற்றுள் ஒன்று ஆர்தர் சி. கிளார்க் இயற்றிய 'ராந்தேவூ வித் ராமா' என்னும் ஆங்கில நாவல். 'ராமாவைச் சந்தித்தல்' என்று அத்தலைப்பிற்குப் பொருள் கொள்ளலாம். 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த கிளார்க், 1956 முதல் 2008-இல் மறையும் வரை இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தவர். அவ்வாழ்வின் இடைக்காலத்தே, 1973-இல், இந்நூல் வெளிவந்தது. அறிவியற் புனைகதைகளுக்கென வழங்கப்பெறும் நெபுலா, ஹியூகோ ஆகிய இரு பரிசுகளையும் பெற்றது.

இத்துணைச் சிறப்புப் பெற்றும், இந்நூலைப் பற்றி வாசகர் கூறும் கருத்துகள் ஒருமைப்பட்டனவாக இல்லை. இதனைப் போன்றதொரு வியப்பைத் தரும் நூல் பிறிதில்லை என்பார் ஒரு சாரார். இதில் சொல்லத்தக்க மாந்தரும் இல்லை, முடிவும் இல்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு தீர்ப்புகளையும் தமிழாசிரியர்கள் நடுநின்று ஆராய்தல் நன்று. ஏனெனில், வகுப்பறையில் நாவலைக் கற்பிக்கும் முறையே இவ்வழக்கில் வினாவுக்கு உள்ளாகின்றது.

கதை மிக எளியது. 2131-ஆம் ஆண்டில், ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலிருந்து ஒரு பொருள் விரைந்து வருவதை வானநூலார் காண்கின்றனர். முதலில் அதனைச் சிறுகோள் என்றே எண்ணிப் பெயரிடுகின்றனர். பின்னரே அது இயற்கைப் பொருளன்று, எவராலோ செய்யப்பட்டது என்பது புலனாகின்றது. நீளம் 50 கிலோமீட்டர், விட்டம் 20 கிலோமீட்டர் உடைய உருளை அது. நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கின்றது. அச்சுழற்சியால் உள்ளே, உருளையின் உட்சுவரில் நிற்பவர்க்கு, புவியீர்ப்பில் ஏறத்தாழப் பாதி அளவு ஈர்ப்பு உண்டாகின்றது. தளபதி நார்ட்டனும் அவருடைய குழுவினரும் 'எண்டெவர்' என்னும் கலத்திற் சென்று அதனுள் நுழைகின்றனர், காணக்கூடியதைக் காண்கின்றனர், ஞாயிற்றின் வெப்பம் மிகுமுன் வெளியேறுகின்றனர். உருளையோ ஞாயிற்றை நெருங்கி, ஆற்றல் கொண்டு, மீண்டும் பெருவெளியிற் சென்று மறைகின்றது. அதனைச் செய்தவர் யார், எங்குச் செல்கின்றனர், எதற்காகச் செல்கின்றனர் என்பன இறுதிவரை விளங்கவில்லை.

குறை கூறுவோரின் முதற் குற்றச்சாட்டு மாந்தரைப் பற்றியது. நார்ட்டன் அமைதியானவர், கடமை தவறாதவர், தென்கடல்களை ஆராய்ந்த தளபதி குக்கினிடத்துப் பெருமதிப்புடையவர். இவற்றிற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கதையின் தொடக்கத்தில் எவ்வாறு இருந்தாரோ அவ்வாறே முடிவிலும் இருக்கின்றார். கதைக்கரு யாது, தலைமை மாந்தரின் பண்புநலன்கள் யாவை, கதை உணர்த்தும் படிப்பினை யாது என்னும் மூன்று வினாக்களை வைத்துக்கொண்டு இந்நூலை அளப்பவர், வெறுங்கையுடன் திரும்புவது இயல்பே. நம் மாணவர்கள் தேர்வுக்காகப் பழகியிருப்பவையும் பெரும்பாலும் இம்மூன்று வினாக்களே.

ஆயின் எல்லா நூலுக்கும் ஓர் அளவுகோல்தானா? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை எண்ணிப் பார்க்கலாம். நன்னனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கின்றான். அக்கூத்தனின் மனப்போராட்டம் யாது, அவன் பண்பில் நேர்ந்த வளர்ச்சி யாது என்று எவரும் கேட்பதில்லை. அவன் கண்ணாகவும் செவியாகவும் நின்று மலையைக் காட்டுகின்றான். மலையில் எழும் ஓசைகளைக் கேட்பிக்கின்றான். அதுவே அவனுக்குரிய பணி. நார்ட்டனும் அத்தகையவரே. இருண்ட உருளைக்குள் இறங்கும் படிக்கட்டில் அவர் தம் இல்லறத் துயரை எண்ணிக் கலங்கிக்கொண்டிருப்பாராயின், நம் கண் அவர் முகத்தின்மேற் செல்லும், ராமாவின்மேற் செல்லாது. எனவே இந்நாவலைப் புதுவகை ஆற்றுப்படை எனலாம். வேறுபாடு ஒன்றே: வழியின் முடிவிற் புரவலன் இல்லை.

அவ்வாறாயின் இந்நூலை எதனால் அளப்பது? விடை நம்மிடமே உளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன் வழியாகத் தோன்றும் என்பது அவர் கண்ட முடிபு. அறிவு நிரம்பாது திகைத்து நிற்கும் இடமே மருட்கையின் இடம் என்பதையும் அவர் உணர்த்துகின்றார்.

இந்நான்கும் இந்நாவலில் ஒன்றன்பின் ஒன்றாக வருதலைக் காணலாம். அன்னியர் கைவேலையை மனிதர் முதன்முதலிற் காண்பது புதுமை. ஓர் உலகமே உருளையாகச் சுருண்டு, தலைக்கு மேலும் நிலம் தோன்ற, பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள கடல் ஒன்று வளையம்போல் சுற்றிக்கிடப்பது பெருமை. ஜிம்மி பாக் என்னும் இளைஞன் காலால் மிதித்து இயக்கும் சிறு பறக்கும் பொறியில் அக்கடலைக் கடந்து சென்று வீழ்கின்றான். வீழ்ந்த இடத்தில் ஒரே ஒரு பூவைக் காண்கின்றான். அத்துணைப் பெரிய உலோகப் பரப்பில் ஒரு பூ! இது சிறுமையின்பாற் பிறந்த வியப்பு. ஒன்று பிறிதொன்றாக மாறுதலை உரையாளர் ஆக்கம் என்பர். உறைந்து கிடந்த கடல் ஞாயிற்று வெம்மையால் உருகிப் புயல் எழுவதும், முழு இருளாயிருந்த இடம் ஒரு நொடியில் பகலாவதும், உயிரற்றிருந்த நிலத்தில் பொறியும் உயிருமாய்க் கலந்த உருவங்கள் நடமாடத் தொடங்குவதும் ஆக்கம். இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், கதையில்லை எனப்பட்ட நூல் மிகச் செறிவாகக் கட்டப்பெற்றிருத்தல் விளங்கும்.

இரண்டாம் குற்றச்சாட்டு, எதற்கும் விடையில்லை என்பது. கெடா வாசகர்க்கு இதனை விளக்குவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குருணுக்கு அண்மையில் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலையின் தென்சாரலில், மெர்போக்கை அடுத்து, புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்லடித்தளம் உளது. 1930-களில் அகழப்பெற்று, 1960-ஐ ஒட்டி மீளக் கட்டப்பெற்றது அது. அங்குச் செல்வோர் படிகளைக் காண்பர். தூண்கள் நின்ற கற்பீடங்களைக் காண்பர். கருவறை இருந்த இடத்தைக் காண்பர். கட்டியவரின் பெயரைக் காணார். அவர் பாடிய பாடலைக் கேளார். ஆயினும், விடை கிடைக்கவில்லை என்று சினந்து திரும்புவார் எவரும் இலர். கல்லின் அமைதியே அவர்களை மீண்டும் மீண்டும் எண்ணச் செய்கின்றது. நார்ட்டனின் குழுவினர் ராமாவில் நின்ற நிலையும் இதுவே.

விடை வேண்டும் என்ற வாசகரின் விருப்பம் நிறைவேறவும் செய்தது. ஜென்றி லீ என்பாருடன் சேர்ந்து கிளார்க் 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொடர்ச்சி நாவல்களை வெளியிட்டார். அவற்றில் குடும்பம் உண்டு, காதல் உண்டு, பகை உண்டு. ராமாவைப் பற்றிய விளக்கமும் உண்டு. முதல் நூலில் இல்லாதன என்று சொல்லப்பட்டவை யாவும் நிரப்பப்பெற்றன. எனினும் முதல் நூலைப் போற்றிய வாசகருட் பலர் அவற்றை அதற்கு இணையாகக் கொண்டாரல்லர். விளக்கம் வந்த இடத்தில் மருட்கை விடைபெற்றது போலும்.

தமிழ் வாசகரிடையே தோன்றக்கூடிய வேறொரு கருத்தும் உண்டு. ராமா என்னும் பெயரைக் கேட்டவுடன் இராமாயணச் சாயலைத் தேடத் தோன்றும். நூலிலோ காரணம் மிக எளிதாகச் சொல்லப்பட்டுள்ளது. சிறுகோள்களுக்குச் சூட்டக் கிரேக்க, ரோமானியத் தெய்வப் பெயர்கள் தீர்ந்துபோனமையால், வானநூலார் இந்துத் தெய்வப் பெயர்களை எடுத்துக்கொண்டனர் என்பதே அது. அதுபோன்றே, வலவன் இல்லாது செல்லும் வான ஊர்தியைப் புறநானூறு அன்றே கூறிவிட்டது என்று பெருமை கொள்வாரும் உளர். அப்பாடலில் முதுகண்ணன் சாத்தனார் சொல்ல வந்தது, நல்வினை செய்தார் அடையும் பேற்றினை, பொறிநூலை அன்று. பழம்பெருமை பேசி முடித்துவிட்டால், நூலைப் படிக்கும் வேலை தொடங்குவதே இல்லை.

இவ்வளவு கூறியதனால் இந்நூல் குற்றமற்றது என்பது கருத்தன்று. உண்மைக் குற்றம் வாசகர் பலர் சுட்டும் இடத்திற்கு அப்பால் உளது. 'எண்டெவர்' கலத்தில், மனிதருடன் பணியாளாகச் செல்லும் குரங்கினம் ஒன்று உண்டு. அறிவு வளர்க்கப்பெற்று, சலிப்பூட்டும் எளிய பணிகளைச் செய்வதற்கென்றே ஆளாக்கப்பட்டவை அவை. ஊதியம் கேளா, முறையிடா, உழைப்பிற் குறை வையா. ஆசிரியர் அவற்றை நகைச்சுவையும் பரிவும் கலந்து காட்டுகின்றார். ஆனால் உழைப்பதற்கென்றே ஓர் இனத்தை உண்டாக்கி வைத்துக்கொள்ளுதல் முறைதானா என்னும் வினாவை நின்று கேட்டாரல்லர். பால்மரக் காட்டில் விடியலுக்கு முன் எழுந்து உழைத்தவர்களின் வழிவந்த வாசகர், பணிவுள்ள, மலிவான உழைப்பாளர் என்னும் பேச்சை எளிதிற் கடந்து செல்லார். பெண்களைப் பற்றிய சில வரிகளும் இன்று படிப்போர்க்கு உறுத்துவனவே. கலத்தின் மருத்துவர் பெண்ணாக இருந்தும், எடையற்ற நிலையில் பெண்ணுடல் ஆடவரின் கவனத்தைக் கலைக்கும் என்னும் பேச்சு அங்கு வருகின்றது. அன்னியர் உலகைக் காண்பதில் இத்துணை விரிந்த கண், தன் கலத்தினுள் வாழ்வாரைக் காண்பதிற் குறுகியது. மாந்தரைப் பற்றிய குற்றச்சாட்டு நிலைக்கும் இடம் இதுவே.

கற்பனை வாழ்வினுள் புகுந்ததற்கும் இந்நூல் சான்று. புவியை மோதவரும் வான்பொருள்களை முன்னறியும் அமைப்பிற்கு இந்நாவல் இட்ட 'ஸ்பேஸ்கார்ட்' என்னும் பெயரை, 1992-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் அறிக்கை ஏற்றுக்கொண்டது. 2017-இல் ஹவாயித் தீவுகளில் உள்ள தொலைநோக்கியில், ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலிருந்து வந்த ஔமுவாமுவா என்னும் பொருள் புலப்பட்டபோது, ராமாவை நினைவுகூர்ந்தோர் பலர்.

அறிவியற் புனைகதையை மாணவர் கையில் கொடுக்கும் ஆசிரியர், பண்புநலன் வினாவைச் சிறிது தள்ளிவைத்தல் நன்று. ராமாவினுள் ஒளி தோன்றும் பகுதியைத் தமிழில் எடுத்துரைத்து, இவ்வியப்பு நான்கனுள் எதன்வழிப் பிறந்தது என்று கேட்கலாம். அடுத்து, அக்கலத்தில் உழைக்கும் குரங்குகளைப் பற்றி நீவிர் என்ன நினைக்கின்றீர் என்றும் கேட்கலாம். முதல் வினா நூலின் வலிமையைக் காட்டும். இரண்டாவது வினாவிற்கு மாணவர் தம் பாட்டன் பாட்டியரின் வாழ்விலிருந்தே விடை சொல்லத் தொடங்குவர்.