தூண்நிரையும் வளைவுநிரையும்: ஒரு கலைச்சொல் திறனாய்வு

கட்டடக்கலை குறித்த தமிழ் எழுத்துகளில் 'தூண் வரிசை' என்னும் தொடர் இருவேறு அமைப்புகளுக்குப் பொதுவாக வழங்குவதைக் காணலாம். ஆங்கிலத்தில் 'கொலனேட்', 'ஆர்கேட்' எனப் பிரித்துரைக்கப்படும் இவ்விரண்டும் தோற்றத்தால் நெருங்கியவை, அமைப்பால் வேறுபட்டவை. முன்னதில் தூண்களின்மேல் கிடையாக உத்தரம் அமர்கிறது. பின்னதில் தூண்களை வளைவுகள் இணைக்கின்றன. இவ்வேறுபாட்டைச் சொல் மறைக்கும்போது கட்டடத்தின் வரலாறும் மறைந்துவிடுகிறது.

மதுரையில் திருமலை நாயக்கர் (1623–1659) எழுப்பிய இரு கட்டடங்கள் இதற்குத் தக்க சான்றாகும். மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்தின் எதிரே அமைந்த புதுமண்டபத்தில் கருங்கல் தூண், அதன்மேல் போதிகை, அதன்மேல் உத்தரம், அதன்மேல் பாவுகல் என அடுக்குமுறை அமைகிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பாரத்தால் உத்தரம் வளையும்போது அதன் அடிப்பகுதி இழுபட்டு விரிசல் காண்கிறது. ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கவேண்டியதாகிறது. போதிகை இருபுறமும் நீண்டு இடைவெளியைக் குறைக்கிறது. தூண்களின் நெருக்கம் அழகுணர்வின் விளைவு மட்டுமன்று. கல்லின் இயல்பு விதித்த கட்டாயமுமாகும்.

1636ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட அரண்மனையின் நிலை வேறு. அங்குச் சொர்க்க விலாசத்தின் முற்றத்தைச் சூழ்ந்த பெருந்தூண்களைச் செங்கல்லும் சுதையும் கொண்ட இதழ்வடிவ வளைவுகள் இணைக்கின்றன. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்ததை அழுத்தி நிற்பதால் சிறு கற்களைக் கொண்டே அகன்ற இடைவெளியைக் கடக்க முடிகிறது. ஆயினும் வளைவு தன் கால்களைப் பக்கவாட்டில் உந்தும். அவ்வுந்தலை அடுத்த வளைவின் உந்தல் ஈடுசெய்கிறது; இறுதி வளைவுக்குத் தடித்த சுவரோ பருத்த தூணோ தேவைப்படுகிறது. எனவே வளைவுநிரை என்பது தனி வளைவுகளின் தொகுப்பன்று; ஒன்றையொன்று தாங்கும் தொடராகும்.

ஆயிரங்கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், நாற்கால் மண்டபம் என்னும் மரபுப் பெயர்கள் கால்களை எண்ணுவன. தூணே அடிப்படை அலகாக அமைந்த கட்டடத்திற்கு அப்பெயரீடு முற்றும் பொருந்தும். வளைவே அலகாக அமைந்த இடத்தில் அது பொருளை எட்டுவதில்லை. 'தோரணம்' என்பதும் இதற்கு ஈடாகாது; வாயிலை அணிசெய்யும் தோரணம் கூரையின் பாரத்தைச் சுமப்பதன்று.

வடிவத்தை மட்டும் கொண்டு பெயரிடலாமா எனின், அதுவும் பிழைக்கு இடந்தரும் என்பதைத் தில்லி குதுப் வளாகத்தின் பள்ளிவாசல் காட்டுகிறது. அதன் முற்றத்தைச் சூழ்ந்து, பழைய கோயில்களிலிருந்து கொணர்ந்த தூண்கள் உத்தரங்களைத் தாங்கி நிற்கின்றன. மேற்கே 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த திரைச்சுவர் வளைவு வடிவம் கொண்டது. ஆனால் அவ்வளைவுகள் ஒரு கல்வரிசைக்கு மேல் அடுத்த வரிசையைச் சற்றே முன்னீட்டி அடுக்கும் முறையில் ஆனவை. புதிய வடிவத்தை உள்ளூர்க் கைவினைஞர் தாம் அறிந்த பழைய முறையிலேயே ஆக்கினர் என்பது இதனால் புலனாகும். ஆப்பு வடிவக் கற்களாலான மெய்வளைவு அருகிலுள்ள பல்பனின் கல்லறையில், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே காணப்படுகிறது. ஆகவே கலைச்சொல் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தோடு பாரம் இறங்கும் வழியையும் சுட்டவேண்டும்.

உத்தரம் தாங்குவதைத் 'தூண்நிரை' என்றும், வளைவு தாங்குவதை 'வளைவுநிரை' என்றும், அடுக்குமுறையில் ஆனதைப் 'பொய்வளைவு' என்றும் வழங்குவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும். மதுரை அரண்மனையைத் தூண்களின் பருமைக்காக மட்டும் போற்றும் எழுத்து, ஒரே மன்னரின் ஆட்சியில் ஒரே நகரில் இருவேறு கட்டுமான நெறிகள் அருகருகே வாழ்ந்தன என்னும் உண்மையைத் தவறவிடுகிறது. கோயில் மரபும் இசுலாமியக் கட்டட மரபும் கலந்த வரலாறு அவ்வளவுகளின் உயரத்தில் இல்லை. தூணின் தலையில் உத்தரம் அமர்கிறதா, வளைவு எழுகிறதா என்பதில்தான் இருக்கிறது.